ஏ.சி.யைக் கழற்றலாம்... கேஸைத் திறந்து விடலாமா?

போர்ஷே 911 காரை நம்மில் எத்தனை பேர் சொந்தமாக வாங்கப் போகிறோம்? கையைத் தூக்க வேண்டாம், விடை தெரிந்ததுதான். ஆனால் வாங்குகிறவன் யாராக இருந்தாலும், அந்தக் காருக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடிக்கிறவன் நம்மைப் போல ஒரு தொழில் படித்தவன்தான். ஆகவே அந்த வண்டியைப் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கும் உரிமை உண்டு என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

வழக்கு இதுதான். அமெரிக்காவில் ஓடுகிற பழைய 911 கார்களில் ஏராளமானவை ஏ.சி. பொருத்தியவை. அவற்றை இன்று வாங்குகிற ரசிகர் முதலில் செய்ய நினைக்கிற வேலை, அந்த ஏ.சி.யைப் பிடுங்கி எறிவது. "ஸ்போர்ட்ஸ் காருக்கு எதுக்குய்யா ஏ.சி.?" என்பது அவர் கட்சி.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 911 என்பது 1963-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட வண்டி. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். 1998 வரை வந்த மாடல்களில் ரேடியேட்டரே கிடையாது. காற்றும் இன்ஜின் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டியில் ஏ.சி.யை எங்கே வைப்பது? கம்ப்ரஸர் இன்ஜின் மேல். எவாபரேட்டர் முன்னால் டிக்கிப் பக்கம். (ஆமாம், 911-க்கு டிக்கி முன்னால்தான்!) ஒரு கண்டென்ஸர் வண்டியின் மூக்குப் பக்கம், இன்னொன்று பின்னால் இன்ஜின் மூடிக்கு அடியில். இவற்றை இணைக்க, முன்னுக்கும் பின்னுக்குமாக வண்டி நீளத்துக்கு ரப்பர் ஹோஸ்கள். மூடியின் கிரில் வழியாகத்தான் இன்ஜின் ஃபேன் காற்றை இழுக்கிறது. அந்த வழியிலேயே சூடான கண்டென்ஸரை வைத்தால்? இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்று முதலிலேயே சூடாகி விடுகிறது. நம்ம தெர்மல் வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக் கொள்வார்.

எடை விஷயத்தில் மட்டும் நான் ஓனர் கட்சி இல்லை. கம்ப்ரஸர், பிராக்கெட், கண்டென்ஸர், ஹோஸ் எல்லாம் சேர்த்து இருபது, இருபத்தைந்து கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி எடை சுமார் 1,150 கிலோ. கணக்குப் போட்டால் இரண்டு சதவீதம். பக்கத்து சீட்டில் ஒரு நண்பனை ஏற்றினால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கூடிவிடுகிறது. அவனை யாரும் கழற்றி வைப்பதில்லையே! ஆனாலும், பாதிக்கு மேற்பட்ட பாரம் பின் சக்கரங்கள் மேல் இருக்கிற வண்டியில், கம்ப்ரஸர் உட்கார்ந்திருப்பது அந்தப் பின்கோடியில்தான். அதை இறக்கினால் ஓட்டும்போது கொஞ்சம் வித்தியாசம் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். குளிர்ப் பிரதேசத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் கழற்றட்டும். அவர் வண்டி, அவர் இஷ்டம்.

என் சண்டை கழற்றுகிற விதத்தில்தான்.

இந்தக் கார்கள் ஆர்-12 என்ற வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஒரு காலத்தில் இருந்த அதே சி.எஃப்.சி. வாயு. ஹோஸ் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இரண்டு நிமிடம். வாசனை கூடப் பெரிதாக இருக்காது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக் கொண்டு போகலாம். இப்படிச் செய்யாத ஒர்க்ஷாப் ஒரு காலத்தில் உலகத்திலேயே அபூர்வம்.

அந்த "புஸ்" எங்கே போகிறது? 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் விடை சொன்னார்கள். கீழே எதனோடும் சேராத இந்த வாயு மெதுவாக மேலே போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது. அதிலிருந்து வெளிவரும் ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைத் தின்று தீர்க்கிறது. 1987-ல் மான்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. 1995-ல் அந்த இருவருக்கும், பால் குருட்ஸன் என்பவருக்கும் நோபல் பரிசு. வளர்ந்த நாடுகள் ஆர்-12 தயாரிப்பை 1995 முடிவோடு நிறுத்தின. இந்தியா போன்ற நாடுகளுக்கு 2010 கெடு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம், நாம் டிப்ளமாக்காரர்கள் அல்லவா! பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-12 ஏறக்குறைய பத்து டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் பத்து டன்னுக்கு சுமார் 4,350 லிட்டர். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்றால் 35,000 கிலோமீட்டர் ஓட்டம்! ஒரு 911-ல் கேஸ் ஒரு கிலோவுக்கும் மேல் பிடிக்கும். ஞாயிறு மட்டும் ஓட்டுகிற மனிதர் பத்து வருடத்தில் எரிப்பதை, நட்டைத் திருகுகிறவன் இரண்டு நிமிடத்தில் விட்டு விடுகிறான்.

"ஓனர் சொன்னாரு, செஞ்சேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவில் 1992 ஜூலை முதல் இப்படித் திறந்து விடுவது சட்டப்படி குற்றம். பிறகு 134ஏ வாயுவுக்கு மாற்றிய வண்டிகளுக்கும் 1995 நவம்பரிலிருந்து அதே தடை. கார் ஏ.சி.யில் கூலிக்கு வேலை செய்ய அங்கே தனிச் சான்றிதழே வேண்டும். சான்றிதழ் ஓனரிடம் கேட்கப்படுவதில்லை, மெக்கானிக்கிடம்தான் கேட்கப்படுகிறது. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. வாயுவுக்குப் பொறுப்பு படித்தவன் கையில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறதே!

"முப்பது வருஷமா கேஸ் எல்லாம் லீக் ஆகிப் போயிருக்கும், உள்ள ஒண்ணுமில்ல" என்பார்கள். பல வண்டிகளில் அது உண்மைதான். ஆனால் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் 30 டிகிரி வெயிலில் சதுர அங்குலத்துக்கு 93 பவுண்டு அழுத்தம் நிற்கும். அது கொதிப்பதோ மைனஸ் 30 டிகிரியில். கண்ணில் பட்டால் கண் போச்சு. பக்கத்தில் கேஸ் வெல்டிங் நடந்தால் விஷப்புகை வேறு.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எதையும் கழற்றுவதற்கு முன்பே, வண்டி ஓடுகிற நிலையில், ரெக்கவரி மிஷின் உள்ள ஏ.சி. கடைக்கு ஓட்டிப்போய் கேஸை சிலிண்டரில் இறக்கிவிட வேண்டும். அப்புறம் பெல்ட், கம்ப்ரஸர், ஹோஸ் என்று நிதானமாக இறக்கலாம். கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூடி போட்டு அடைக்க வேண்டும். ஈரக்காற்று உள்ளே போனால் துரு, அமிலம் என்று கம்ப்ரஸர் பாழ். போல்ட்களைப் பையில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டி, பிராக்கெட்டோடு அட்டைப்பெட்டியில் வைத்து ஓனரிடமே கொடுக்க வேண்டும். பாடியில் புதிதாக ஓட்டை போடவோ, இருக்கிறதை வெல்டு வைத்து அடைக்கவோ கூடாது. நாளைக்கே அவர் அதை விற்று, வாங்குகிறவர் வெயில் ஊர்க்காரராக இருந்தால், "ஏ.சி. எங்கே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சிலிண்டரில் பிடித்த அந்த ஆர்-12 வீணாவதும் இல்லை. புதிய தயாரிப்பு நின்றுவிட்டதால், சுத்திகரித்த பழைய வாயுவுக்கு அங்கே நல்ல விலை. ஏ.சி.யை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற வேறொரு 911-க்காரர் அதற்காகக் காத்திருப்பார்.