ஏமாந்தவளைத் திட்டாதீங்க!

சென்ற மாதம் மதுரையிலிருந்து என் நாத்தனார், சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். ஒரு நாள் காலை நான் சமையலில் இருக்க, அவள் மட்டும் அஷ்டலட்சுமி கோவிலுக்குக் கிளம்பினாள். வழியில் மப்டியில் இரண்டு பேர், "நாங்க போலீஸ்மா. அடுத்த தெருவில இப்பத்தான் ஒருத்தன் செயினை அறுத்துட்டுப் போயிட்டான். நகையைக் கழற்றிப் பையில வச்சுக்குங்க" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களே வாங்கி, காகிதத்தில் மடித்தும் கொடுத்திருக்கிறார்கள். கோவில் வாசலில் பிரித்துப் பார்த்தால், உள்ளே கூழாங்கல்!

நான்கு பவுன் போனதைவிட, பிறகு நடந்ததுதான் எனக்கு வேதனை. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடாமல், தலைப்பால் கழுத்தை மூடிக் கொண்டே இருந்தாள். நான் துருவிக் கேட்டதும், "அண்ணி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, 'உனக்கு அறிவில்லையா'ன்னுதான் முதல்ல கேட்பாரு" என்று அழுதாள். உடனே புகார் கொடுக்க வேண்டிய நேரம், இந்தப் பயத்திலேயே போய் விட்டது.

இந்தத் தந்திரம் புதிதில்லை. பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டு, "உங்க பணமா பாருங்க" என்பதும், "புடவையில அசிங்கம் பட்டிருக்கு" என்பதும் இதே ரகம்தான். நாம் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் பை போய் விடும்.

சகோதரிகளே, நிஜப் போலீஸ்காரர் நடுத்தெருவில் நகையைக் கழற்றி வாங்கி மடித்துத் தர மாட்டார். அப்படி யாராவது கேட்டால், "ஸ்டேஷனுக்கே வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லி, பக்கத்துக் கடைக்குள் போய் விடுங்கள். 100 அல்லது 112க்கு போன் செய்யுங்கள். ஆகஸ்ட் 29ல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை நடக்கும் எங்கள் ஊர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கோ, தீபாவளி சமயம் ரங்கநாதன் தெருவுக்கோ வருகிறவர்கள், நகையை வீட்டிலேயே வைத்து விட்டு வருவது உத்தமம். பஸ்சுக்குச் சில்லறையைத் தனியாக எடுத்து வைத்தால், கூட்டத்தில் பர்சைத் திறக்க வேண்டியிருக்காது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. படித்த ஆபீசர்களே போனில் வந்த ஆளை நம்பி, பேங்க் பணத்தைக் கோட்டை விடுகிற காலம் இது. திருடியவன் இருக்க, ஏமாந்தவளைத் திட்டுவது என்ன நியாயம்? "உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று முதலில் கேளுங்கள். திட்டு விழாது என்று தெரிந்தால், அவள் அன்றைக்கே வாயைத் திறப்பாள். நாம் மூடி மறைக்கிற ஒவ்வொரு நாளும், அவனுக்கு அடுத்த தெருவில் இன்னொருத்தி கிடைப்பாள்.

- ஒரு வாசகி, பெசன்ட் நகர், சென்னை - 90.