அவள் சமாளித்துக்கொள்வாள்



காதலா, கணக்கா என்று பேச்செடுத்தால் போதும், நம் வீட்டுக் கூடமே இரண்டு கட்சியாகிவிடும். ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலையும் பலர் இப்படித்தான் பிரிக்கிறார்கள். அக்கா எலினோர் அறிவு, தங்கை மேரியன் உணர்ச்சி. கடைசியில் அறிவுக்கு வெற்றி. (நாவலைப் படிக்காதவர்களும் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு மூலம் இதுதான்.)

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை.

கதையில் அசல் கணக்குப் புலி அண்ணி ஃபேனிதான். சாகும் தறுவாயில் அப்பா, மனைவியையும் மூன்று பெண்களையும் பார்த்துக்கொள்ளும்படி மூத்த தாரத்து மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். தங்கைகளுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு கொடுக்கலாம் என்று அவனும் நினைக்கிறான். அண்ணி வாயைத் திறக்கிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. பிறகு சின்னம்மாவுக்கு மட்டும் வருஷம் நூறு. அதுவும் எப்போதாவது ஒரு ஐம்பதாகி, கடைசியில் சீசனுக்குக் கொஞ்சம் மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதாதா என்று வந்து நிற்கிறது! ஒவ்வொரு படியிலும் அவள் பேசுவது நியாயம் போலவே இருக்கும். பாகப் பிரிவினை நடந்த வீடுகளில் இந்தக் குரலை நாம் கேட்டதில்லையா என்ன?

மேரியன் நேர் எதிர். சந்தோஷத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பாள். சரி, அளவாக வாழ வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்றால், 1,800 அல்லது 2,000 பவுண்டு என்கிறாள். எலினோருக்கு ஆயிரமே பெரும் பணம். அந்த வீட்டில் நாலு பேரும் சாப்பிடுவதே வருஷம் 500 பவுண்டில்!

வில்லபி என்ற அழகன் மேரியனோடு சுற்றுகிறான், திடீரென்று ஒருநாள் கிளம்பிப் போகிறான். “நிச்சயம் பேசிக்கொண்டார்களா என்று அவளையே கேட்டுவிடுங்களேன்” என்று அம்மாவிடம் எலினோர் மன்றாடுகிறாள். அம்மா கேட்கவில்லை. கேட்டால் பெண் மனசு நோகுமாம். அவனோ 50,000 பவுண்டுக்காரியைக் கட்டிக்கொள்கிறான்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் எத்தனை வீட்டில் தயங்குகிறோம்!

இவ்வளவுக்கும் நடுவே எலினோரின் காதலும் நொறுங்கிக் கிடக்கிறது. அவள் விரும்பிய எட்வர்ட் ஏற்கெனவே வேறொருத்திக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்தவன். இதை நாலு மாதம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு தங்கையின் கண்ணீரைத் துடைக்கிறாள். விஷயம் வெளியே வந்த அன்றும் விக்கி விக்கி அழுவது மேரியன், தேற்றுவது எலினோர். அவளுக்கு வயது 19. இவளையா உணர்ச்சியில்லாதவள் என்கிறோம்? வீட்டில் ஒரு பிள்ளையை, “அவள் சமாளித்துக்கொள்வாள்” என்று விட்டுவிடுகிறோமே, அந்தப் பிள்ளை இவள். பெற்ற தாய்க்கே இது ரொம்பத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 35 வயதில் ஃபிளானல் சட்டை போடுகிறார் என்று மேரியன் கேலி செய்த கர்னல் பிராண்டனையே அவளுக்குக் கட்டிவைக்கிறார் ஆஸ்டின். மனம் மாறி ஏற்றாளா, களைத்துப்போய்த் தலையாட்டினாளா? கர்னலின் வருமானம் வருஷத்துக்கு 2,000 பவுண்டு என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டு, உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்