சம்பளத்துக்காகப் படிப்பை நிறுத்தலாமா?

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த கமக்காரர் ஒருவரின் மகன், விடுமுறை முடிந்தபின் வகுப்புக்குத் திரும்பவில்லை. கொழும்பிலே ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறான். ஓராண்டு உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு போய் எஞ்சிய படிப்பை முடிப்பதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அவ்வாக்கை அவன் நெஞ்சறியவே கொடுத்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது நிறைவேறுமா என்பதே கேள்வி. இத்தகைய மாணாக்கர் இன்று ஒருவரல்லர், இருவரல்லர். நமது கிராமங்களில் எந்த ஒழுங்கைக்குள் விசாரித்தாலும் இப்படி ஒருவனைக் காட்டுவார்கள்.

கல்வி இந்நாட்டில் இலவசம் என்பர். 1945 ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த அந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாதிருந்தால் தோட்டக்காரனின் பிள்ளை பொறியியற் பீடத்தின் வாயிலையும் மிதித்திருக்கமாட்டான். ஆனால் விரிவுரை இலவசமாயினும் சோறு இலவசமன்று. அறை வாடகை இலவசமன்று. பேருந்துக் கட்டணமும் கணினியும் இலவசமல்ல. இந்த இடைவெளியை நிரப்பவே 1981 இல் மகாபொல நிதியம் அமைக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோதும் மகாபொல உதவி மாதம் 5,000 ரூபாவாகவே நின்றது. 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் அது 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதுவும் மாதந்தவறாது கைக்கு வந்ததென்று எந்த மாணாக்கனும் சொல்லமாட்டான்.

அதே காலத்தில் தகப்பனின் நிலை யாது? 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது நெல்லும் வெங்காயமும் மிளகாயும் பட்ட பாட்டைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டு அடைவு வைத்த நகைகளில் இன்னும் மீளாதவை உள. அந்த அடைவுச் சீட்டைக் கண்ட பிள்ளை, தான் புத்தகத்தோடு இருப்பதே பெற்றோருக்குச் செய்யும் பாதகம் என்று எண்ணத் தொடங்குகிறான். படிப்பை நிறுத்துகிறவர்களிற் பெரும்பாலோர் சோம்பேறிகளல்லர், பொறுப்புணர்ந்தவர்களே நிறுத்துகிறார்கள்.

ஆயினும் பொறுப்புணர்ச்சி வேறு, கணக்கு வேறு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சட்டம் விதித்த ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா. நமது இளைஞனுக்கு அதனினும் நல்ல வேலை கிடைத்து, கழிவுகள் போகக் கையில் 40,000 ரூபா வருகிறதென்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலே உண்ணவும் உறங்கவும் போய்வரவும் 20,000 ரூபா என்று மிகச் சிக்கனமாகவே கொள்வோம். மகன் உழைக்கிறான் என்று ஆனபின் வீடு சும்மா இராது. தங்கையின் படிப்புக்கும் தகப்பனின் மருந்துக்கும் மாதம் 12,000 ரூபாவாவது அனுப்பியே ஆகவேண்டும். மிச்சம் 8,000. ஓராண்டில் 96,000 ரூபா.

இனிப் படிப்பின் பக்கம் வருவோம். மாதம் 20,000 ரூபா செலவாகும் மாணாக்கனுக்கு மகாபொல 7,500 கிடைத்தால் துண்டுவிழுவது 12,500. எஞ்சிய இரண்டாண்டுக்கு மூன்று இலட்சம். இதைச் சேர்க்க அவன் மூன்றாண்டுக்குமேல் கடையிலே கணக்கெழுதவேண்டும்! அந்த மூன்றாண்டும் அரிசி விலையும் அறை வாடகையும் அவனுக்காகக் காத்திருக்கப்போவதில்லை. அதற்குள் உடன்பயின்றோர் பட்டம் பெற்று வெளியேறிவிடுவர், பாடத்திட்டம் மாறிவிடும், எழுத்திலே விடுப்புப் பெறாது போனவனுக்குப் பதிவே இராது. ஓராண்டு என்று போனவன் திரும்பாத காரணம் இதுவேயன்றி அவன் மனம் மாறியதன்று.

கொழும்பை விட்டுக் கடல் கடந்தால் கணக்கு வேறாகும் என்பர். உண்மைதான். 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக இந்நாட்டைவிட்டு வெளிநாடு சென்றனர். கொரியாவிலே தொழிற்சாலையில் நின்றவன் பணத்தோடு வந்து வீடு கட்டியதை நாமும் கண்டிருக்கிறோம். வந்தவன் வீட்டைக் கட்டினான், புத்தகத்தைத் திறந்தானா? பாலைவனத்திலே ஈராண்டு ஒப்பந்தத்துக்குப் போனவனின் முதற் பல மாதச் சம்பளம் முகவருக்குக் கொடுத்த கடனுக்கே போய்விடுகிறது. இவற்றையெல்லாம்விட நமக்கு வேதனை தருவது இன்னொன்று. படிப்பை முடிக்க இரண்டு மூன்று இலட்சம் இல்லை என்று கைவிரித்த அதே குடும்பம், அதே பிள்ளையை ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ அனுப்பவென்று காணியை ஈடுவைத்து அதனினும் பன்மடங்கு பணத்தை முகவரின் கையிற் கொடுக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? படிப்புக்கு ஏன் வரவில்லை?

முன்னொரு காலத்தில் நம்மவர் மலாயாவுக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து அவர்கள் அனுப்பிய பணத்திலே யாழ்ப்பாணத்தில் வீடுகள் எழும்பின, தம்பிமார் படித்தார்கள். அதைக் காட்டி இன்றைய பிள்ளையையும் போகச் சொல்வோர் ஒன்றை மறக்கிறார்கள். அன்று உழைத்தவன் தமையன், படித்தவன் தம்பி. ஒருவன் தன் படிப்பை முடித்துக்கொண்டே கப்பலேறினான். மற்றவன் வகுப்பை விட்டு எழும்பாமலே படித்தான். இன்று அவ்விருவர் பாரத்தையும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவனின் தலையிலே ஏற்றியிருக்கிறோம்.

ஆகவே மாணாக்கருக்கு நாம் சொல்வது இது: உழையுங்கள், ஆனால் இடத்தை விடாதீர்கள். துண்டுவிழும் 12,500 ரூபாவைத் தேட முழுநேர வேலை வேண்டியதில்லை. உயர்தர வகுப்புக்குக் கணிதமோ இரசாயனமோ கற்பிக்கக்கூடியவனுக்கு மணிக்கு 500 ரூபா கிடைத்தாற்கூட, மாதம் இருபத்தைந்து மணி நேரத்தில் அத்தொகை வந்துவிடும். சனி ஞாயிறில் மூன்று மணி நேரம் வீதம் கற்பித்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். பெரிய சம்பளம் என்று தூரத்தில் மினுங்குவதைவிடப் பீடத்துக்குப் பக்கத்திலே கிடைக்கும் சிறு சம்பளம் மேலானது. இதற்கும் வழியில்லாதபடி வீட்டிலே கடன் நெருப்பாய் எரியும் பிள்ளைகளும் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் போகத்தான் வேண்டுமெனின், பீடாதிபதிக்கு எழுதி அனுமதி பெற்றுப் போகட்டும். சொல்லாமற் போவதுதான் கதவை அடைப்பது.

பொறியியலாளரும் கணக்காளரும் நில அளவையாளரும் நமது பத்திரிகையைப் படிக்கிறார்கள். உங்கள் கந்தோர்களிலே விடுமுறைக் காலத்தில் மாணாக்கருக்கு வேலை இல்லையா? உண்டு. சிலர் கொடுக்கவும் செய்கிறார்கள்; ஆனால் "அனுபவம்" என்ற பெயரிலே சம்பளமின்றி! பிள்ளை வரைந்த படத்துக்கும் கூட்டிய கணக்குக்கும் வாடிக்கைக்காரரிடம் முழுக் கட்டணம் அறவிட்டுவிட்டு, அவனுக்குத் தேநீரும் பாராட்டும் கொடுத்தனுப்புவது தருமமன்று. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகமாக வேலை செய்பவனுக்கும் உரியது. தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டுமென்பது உங்களுக்குத் தெரியாததன்று.

கமக்காரரிடம் நாம் கேட்பது வேறு. ஊருக்கு ஊர் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. பல இன்றும் இருக்கின்றன. விதைக்கும் பசளைக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் கடன் கொடுத்துப் பழகிய சங்கம், இறுதி ஈராண்டுப் படிப்புக்கும் ஏன் கொடுக்கலாகாது? மூன்று இலட்சத்தை இருபத்துநான்கு மாதத்துக்குப் பகிர்ந்து கொடுத்து, வேலை கிடைத்தபின் மாதம் 5,000 வீதம் ஐந்தாண்டில் வட்டியின்றி மீளப்பெறலாம். பத்துப் பிள்ளைகளுக்கு முப்பது இலட்சம். கோபுரத் திருப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து நம்மவர் அனுப்பும் தொகையை அறிந்தவர்கள் இதைப் பெருந்தொகை என்னார். நாம் கோபுரத்துக்கு விரோதிகளல்லர்; கோபுரம் ஓராண்டு காத்திருக்கும், பரீட்சை காத்திராது என்றுதான் சொல்கிறோம். பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு வாயில் வளைவு கட்டுவதைச் சிறிது நிறுத்திவைத்து முதற் பணத்தைப் போடட்டும். கடனை வழங்குவதையும் அறவிடுவதையும் கூட்டுறவுச் சங்கம் பார்த்துக்கொள்ளும். பொறுப்பாளியாக இரு அயலவர் கையொப்பமிட்டாற் போதும். நகைக்கடன் எடுக்கத் துணைபோன அதே அயலவர் இதற்கும் வருவர்.

அரசாங்கம் தன் பங்கைச் செய்யட்டும். மகாபொல விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும், மாதந்தோறும் வரவேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடவில்லை. ஆனால் அடுத்த தவணை தொடங்குமுன் நாம் மேலே சொன்ன கடைப்பிள்ளை தன் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அவனுடைய ஊரிலே கூட்டுறவுச் சங்கமும் உண்டு, கட்டி முடித்த கோபுரமும் உண்டு. சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்திலே இதை யார் எழுந்து முன்மொழியப்போகிறார்கள்?