தந்தை விருந்தாளியா?

தலைப்பேறு தாய்வீட்டில்தான் என்பது தமிழகத்தில் எவரும் எழுதி வைக்காத, ஆனால் எவரும் மீறத் துணியாத சட்டம். மதமும் சாதியும் ஊரும் இதற்குத் தடையல்ல. நம் குடும்பங்களும் விலக்கல்ல. ஏழாம் மாதத்தில் விருந்து வைத்துப் பெண்ணை அழைத்துச் செல்கிறார்கள். பேறு முடிந்து நாற்பதும் கழிந்தபின் தொட்டில், நகை, துணிமணி என்று சீர்களோடு கொண்டுவந்து விடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் பாட்டிக்கும் இடம் உண்டு, மாமிக்கும் இடம் உண்டு, அண்டை வீட்டாருக்கும் இடம் உண்டு. இடமில்லாதவன் ஒருவன்தான். அவன் அந்தக் குழந்தையின் தந்தை!

இவ்வழக்கம் எவ்வளவு பொருத்தமற்றுப் போய்விட்டது என்பதை அறிய நெய்வேலியைப் பார்த்தால் போதும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அந்த வேலைகளை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியத்தில் வீடு உண்டு, சாலை உண்டு, மருத்துவமனை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளமும் உண்டு. இத்தனையும் அருகிலிருக்க, கணவன் குடியிருக்கும் ஊரிலேயே பேறு நடக்கக் கூடாது என்று பெண்ணை ஏற்றி அனுப்புகிறோம். பிறந்த ஊர் பரங்கிப்பேட்டையோ நெல்லிக்குப்பமோ என்றால் ஒரு பகலில் போய் வரலாம். தென்கோடியில் என்றால் ஓர் இரவுப் பயணம்.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவில் உறங்குவதில்லை. எனவே அங்கு வேலை செய்பவனுக்கும் எல்லா இரவும் உறக்கமில்லை. இரவு ஷிப்டில் நிற்பவனுக்குத் தொலைபேசியில் செய்தி வருகிறது: "வலி கண்டுவிட்டது." அடுத்த செய்தி வருவதற்குள் அவன் படும் பாட்டை யார் கணக்கில் எடுத்தார்கள்? கிடைத்த பேருந்தில் ஏறி ஓடுகிறான். போய்ச் சேரும்போது குழந்தை பிறந்திருக்கும். வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் வேறொருவர் சொல்லி முடித்திருப்பார். மருமகனைக் கூடத்தில் உட்காரவைத்து, இனிப்பு கொடுத்து, துணியில் சுற்றிய பிள்ளையை ஒரு நிமிடம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். மனைவியிடம் தனியே இரண்டு சொல் பேசவும் நேரம் பார்க்க வேண்டும். வந்த விருந்தாளிக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

இந்த ஒதுக்கத்திற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. நம் முன்னோரில் பலர் சபராளிகள். கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் வணிகத்தின் பொருட்டுப் போனவர்கள். தலைமகன் பிறந்த செய்தியைக் கடிதத்திலோ தந்தியிலோ அறிந்தவர்கள். கடல் கடந்து போனவன் பேறுக்கு வர முடியாது. ஆகவே பெண்ணின் பெற்றோர் பொறுப்பேற்றார்கள். அது தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு. இன்று வளைகுடாவில் உழைப்பவனுக்கும் அதே கட்டாயம் இருக்கலாம். ஆனால் தந்திச் சேவையே 2013இல் முடிந்துவிட்ட நாட்டில், நெய்வேலியில் வீடு வைத்துக்கொண்டு வாழ்பவனை நாமே சபராளியாக்குவது எந்த நியாயம்?

இதைவிடப் பெரிய அநியாயம் செலவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில்தான். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை மூலம் நடந்ததாகக் கூறுகிறது. தனியார் மருத்துவமனையில் அறுவை என்றால் செலவு என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செலவைச் சுமப்பவர் யார்? கைக்கூலியும் நகையும் கொடுத்து ஏற்கெனவே இளைத்துப்போன பெண்ணின் தந்தை! தன் பிள்ளை பிறந்ததற்கான கட்டணத்தை மாமனார் செலுத்த, மருமகன் வேடிக்கை பார்க்கிறான்.

மார்க்கம் இதை ஏற்கிறதா? பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் விதிக்கிறது. தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனமோ, மணவிலக்குப் பெற்ற பெண்ணே கருவுற்றிருந்தாலும் பேறு காணும்வரை அவளுக்குச் செலவிடுமாறு ஆண்மகனுக்குக் கட்டளையிடுகிறது. பிரிந்துபோனவளுக்கே இந்த உரிமை என்றால், கூடி வாழும் மனைவிக்கு எத்தனை மடங்கு உரிமை! மாமனாரிடம் மருத்துவமனைச் சீட்டை நீட்டுபவர்கள் எந்த வசனத்தைக் காட்டுவார்கள்?

"தாயின் மடியில்தானே பெண்ணுக்கு ஓய்வு? மாமியார் வீட்டில் யார் கவனிப்பார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாய்வீட்டின் ஆறுதலை நாம் மறுக்கவில்லை. பெண் விரும்பினால் போகட்டும்; அல்லது அவள் தாயே நெய்வேலிக்கு வந்து இரண்டு மாதம் இருக்கட்டும். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். ஆனால் எங்கே பெற்றாலும் செலவு கணவனுடையது. வலி கண்ட நாளில் அவன் இருக்க வேண்டிய இடம் அந்த மருத்துவமனை. மருமகள் ஓய்வெடுக்க முடியாத வீடு என்று ஒரு வீட்டைப்பற்றி ஊரே ஒப்புக்கொண்டால், வெட்கப்பட வேண்டியது அந்த வீடுதான்.

"பிரசவ அறையில் ஆணுக்கு என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. பலர் ஒரே அறையில் பேறு காணும் இடத்தில் அந்நிய ஆண் நுழைவதை நாமும் கேட்கவில்லை. 2016இல் மத்திய அரசு பேற்றுத் துணைக்கு அனுமதி அளித்தபோது, பெண் உறவினரையே முதன்மையாகக் குறிப்பிட்டு, தனிமைக்கு வசதியுள்ள இடத்தில் கணவனுக்கும் இடமளித்தது. பேறு முழுவதும் தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. உள்ளே இடமில்லையென்றால் கதவுக்கு வெளியே நிற்கட்டுமே! முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனை சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம் என்ற மூன்றும் தாய்மாரின் உயிரைப் பறிப்பதாக மருத்துவ அறிஞர்கள் கூறுகிறார்கள். "மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று கையொப்பத்திற்குத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முதல் தாமதம் அல்லவா? இரத்தம் தேடி ஓடவும் மருத்துவரிடம் கேட்டறியவும் அவனைவிட உரியவன் யார்?

விடுப்பு எங்கே என்று கேட்பவர்களின் குரலில் உண்மை இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள். 1961ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டுத் தாய்க்கு 26 வாரம் வழங்கியது; தந்தைக்கு ஒரு நாளும் வழங்கவில்லை. ஸ்வீடன் 1974இலேயே தந்தைக்கும் பங்கு கொடுத்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் பிள்ளை பிறக்கும் நாள் கூலியிழக்கும் நாளாகவே இருக்கிறது. இதற்காகத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் மைத்துனன் திருமணத்திற்கு நான்கு நாள் விடுப்பு எடுக்கத் தெரிந்தவன், தன் முதல் பிள்ளைக்கு எடுக்கத் தெரியாது என்று சொல்வதை நாம் ஏற்க மாட்டோம்.

கைக்கூலியை எதிர்த்து மேடையில் முழங்கும் ஜமாஅத்துகள் தலைப்பேற்றுச் செலவையும் தொட்டில் சீரையும் கண்டிக்க வேண்டும். அதுவும் கைக்கூலியின் மற்றொரு தவணையே. மணப்பந்தலில் மஹரை எழுதும்போதே, பேற்றுச் செலவு மணமகனுடையது என்று ஊரறிய அறிவிக்கட்டும். பெண்ணைப் பெற்றவர்களே, மருமகனை வீட்டுக்கூடத்தில் அமர்த்தாதீர்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இளைஞர்களே, கட்டணச் சீட்டை நீங்கள் வாங்குங்கள். பிள்ளையின் காதில் பாங்கு ஒலிக்கும்போது, அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.