கையை மறந்த கல்வி

சிங்கப்பூரில் 1964-இல் வீட்டுரிமைத் திட்டம் தொடங்கிய நாள்முதல், அடுக்குமாடியில் சொந்த வீடு கண்ட தமிழர் பலர். ஆயினும், அவ்வீட்டுச் சமையலறையில் ஓர் அலமாரியைத் தம் கையால் பொருத்த முன்வருவோர் எத்தனை பேர்? “அது ஆசாரியின் வேலை” என்று படித்தவர் ஒதுங்குவது அடக்கமன்று; உழைப்பின்மீது கொண்ட இளக்காரம்!

அவ்வேலை என்ன மந்திரமா? ரசமட்டம் வைத்துச் சுவரில் நேர்கோடு இடவேண்டும். தரை சாய்ந்திருப்பின், மேடான இடத்திலிருந்து அளக்கவேண்டும். மேல் அலமாரியை முதலில் மாட்டினால், கீழ் அலமாரி குறுக்கே நில்லாது. துகள் பலகையின் வெட்டுவாயில் நீர் புகாமல் அடைக்கவேண்டும். இன்றேல் அது ஊறி உப்பிவிடும். எரிவாயுவையும் மின்சாரத்தையும் உரிமம் பெற்றவரிடம் விடுவது அறிவுடைமை. எஞ்சியதையும் விடுவது சோம்பல்.

ஆசாரியின் பிழைப்புக் கெடாதா என்பர் சிலர். கெடாது. ஒரு பலகையோடு ஒருநாள் மல்லாடியவனே, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பான். கை நோகாதவனுக்குப் பிறர் வியர்வை என்றும் மலிவுதான்.

மலாயாவில் காடழித்துத் தண்டவாளம் பதித்த கைகளின் வழிவந்தோர், ஒரு திருகாணியை முறுக்க நாணுவதோ? அந்த நாணமே நாணத்தக்கது.