ரிப்பன் வெட்டியவர் பெயர் தெரியும், மலையைக் குடைந்தவர் பெயர் தெரியுமா?



அந்த ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். மணாலியிலிருந்து புறப்பட்ட கார் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். விளக்குகள் வரிசையாக ஓடும். பத்து நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் வேறு உலகம், எங்கு பார்த்தாலும் பனி. அதற்கு மேல் ஒரே ஒரு தலைவரின் படத்தை ஒட்டி, "இவர் இல்லையென்றால் இது நடந்திருக்குமா?" என்று ஒரு கேள்வி.

கேட்டது நல்ல கேள்விதான். பதில் சொல்லிடுவோம்.

முதலில் ஒன்று. அந்தச் சுரங்கம் தேவை. அதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது. ரோத்தாங் கணவாய் கடல் மட்டத்திலிருந்து 3,978 மீட்டர் உயரம். பனி கொட்ட ஆரம்பித்தால் கணவாய் மூடிவிடும். அதற்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு மக்கள் வருடத்தில் பாதி நாள் உலகத்தை விட்டுத் துண்டாகிக் கிடந்தார்கள். பிரசவ வலி வந்தாலும் சரி, நெஞ்சு வலி வந்தாலும் சரி, வானிலை ஒத்துழைத்தால் ஹெலிகாப்டர், இல்லாவிட்டால் விதி. அந்த ஊர்க்காரனுக்கு 9.02 கிலோமீட்டர் சுரங்கம் என்பது ரீல்ஸ் இல்லை, உயிர். 'வடக்கே எதுக்கு இவ்வளவு செலவு' என்று பேசுகிற ஆட்கள் நாங்கள் இல்லை.

ஆனால் யார் கட்டினார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? கணக்கைப் பார்ப்போம். சுரங்கம் வரும் என்று 2000-ல் அறிவித்தவர் வாஜ்பாய். அதன் தென்வாயிலுக்குப் போகும் சாலைக்கு 2002-ல் அடிக்கல் நாட்டியதும் அவரே. சுரங்கத்துக்கு 2010 ஜூன் 28-ல் அடிக்கல் நாட்டியவர் சோனியா காந்தி. அடல் சுரங்கம் என்று பெயர் வைத்தது 2019 டிசம்பரில். ரிப்பன் வெட்டியது 2020 அக்டோபர் 3-ல். எத்தனை ஆட்சி, எத்தனை பட்ஜெட் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வளவும் நம் வரிப்பணம். எந்தத் தலைவரின் வீட்டுக் காசும் அதில் இல்லை.

திறப்பு விழாவில் பிரதமர் என்ன சொன்னார்? 2014-ல் இருந்த வேகத்தில் போயிருந்தால் இது 2040-ல்தான் முடிந்திருக்கும், 26 ஆண்டு வேலையை 6 ஆண்டில் முடித்துவிட்டோம் என்றார். கைத்தட்டல் வாங்கும் வசனம்தான். ஆனால் சேரி நாலா என்று ஒரு பெயர் அந்த வசனத்தில் இல்லை. அது மேலே ஓடும் ஓடை. அதன் அடியில் 587 மீட்டர் நீளத்துக்குப் பாறை நொறுங்கிப்போன பிளவுப் பகுதி. உள்ளே தண்ணீர் கொட்டும், தோண்டத் தோண்டச் சேறும் கல்லும் சரியும். கொஞ்சம் தோண்டி, உடனே பாறையில் கம்பி ஆணி அடித்து, சிமென்ட் கலவையைத் தெளித்து, மலை அசைகிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். அந்த 587 மீட்டர் ஆண்டுக்கணக்கில் வேலையை இழுத்துப் பிடித்தது. போதாததற்கு வடக்கு முனையில் குளிர்காலத்தில் வேலையே நடக்காது, ஏனென்றால் அங்கே போவதற்கும் அதே ரோத்தாங்கைத்தான் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமிருந்து தோண்டி வந்தவர்கள் சந்தித்தது 2017 அக்டோபரில். மலைக்கு எந்த ஆட்சி நடக்குது என்று தெரியுமா என்ன? மோசமான பாறையில் மெதுவாகவும் நல்ல பாறையில் வேகமாகவும் போவதுதான் சுரங்க வேலை. நல்ல பாறை வந்த ஆண்டுகளுக்கு மட்டும் தன் பெயரை ஒட்டிக்கொள்வது கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம், பொறியியல் கிடையாது.

திறப்பு விழா முடிந்த கையோடு அடிக்கல் கல்வெட்டைக் காணோம் என்று காங்கிரஸ் கூச்சல் போட்டது. ஒரு கல்லுக்காக இரண்டு பெரிய கட்சிகள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டின. அந்தச் சண்டையில் ஒரு தரப்பு மட்டும் இல்லவே இல்லை. மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு முட்டும் காற்றில், பத்து வருடம் பாறையை உடைத்த தொழிலாளி. அவன் பெயர் எந்தக் கல்வெட்டிலிருந்தும் காணாமல் போகவில்லை. எழுதியிருந்தால்தானே காணாமல் போகும்!

சரி, அங்கிருந்து சில்க்யாராவுக்கு வருவோம். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

உத்தரகாண்டில் யமுனோத்ரி போகும் வழியில், பனி விழும் ராடி மலையைக் குடைந்து நாலரைக் கிலோமீட்டர் சுரங்கம். 2018 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு 1,383.78 கோடி ரூபாய். அந்த ஒப்புதல் அறிவிப்பைத் தேடிப் படித்துப் பாருங்கள். 'தப்பும் வழியுடன் கூடிய' இருவழிச் சுரங்கம் என்று இருக்கிறது.

2023 நவம்பர் 12. தீபாவளி. விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில், வாயிலிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே மலை சரிந்தது. அதற்கும் உள்ளே 41 பேர். ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்துப் பிள்ளைகள். நடுவில் அறுபது மீட்டர் அளவுக்கு இடிபாடு. வெளியே வர வழி இல்லை.

முதல் எட்டு ஒன்பது நாள் அவர்களுக்கு உயிர் கொடுத்தது நான்கு அங்குலக் குழாய் ஒன்று. அதுவும் தோண்டும் வேலைக்காகப் போட்டது, தப்பிக்கப் போட்டது இல்லை. அதன் வழியாகத்தான் காற்றும் பொரியும் பருப்பும் போனது. ஆறு அங்குலக் குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைத்த சூடான கிச்சடி கிடைத்தது. அமெரிக்கத் துளைபோடும் இயந்திரம் வந்தது. டிவியில் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். இடிபாட்டுக்குள் இருந்த இரும்புக் கம்பியில் சிக்கி அது உடைந்தது.

கடைசியில் யார் வந்தார்கள்? எலிவளைத் தொழிலாளர்கள். குழாய்க்குள் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், கையாலும் சிறு கருவியாலும் மண்ணை நோண்டி, கூடையில் அள்ளி வெளியே அனுப்பும் மனிதர்கள். உயிருக்கு ஆபத்து என்று அந்த முறையில் நிலக்கரி எடுப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்துவிட்டது. கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரம் கைவிட்ட இடத்தில் அந்தப் பன்னிரண்டு பேர் மிச்ச தூரத்தை முடித்தார்கள். நவம்பர் 28, பதினேழாம் நாள், 41 பேரும் உயிரோடு வந்தார்கள். அன்றைக்கு நாமும்தான் அழுதோம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஜார்க்கண்டில் ஒரு தகப்பன் மகன் வெளியே வருவதற்குச் சில மணி நேரம் முன்பு செத்துப்போயிருந்தார்.

பிறகு மாலை, செல்ஃபி, நேரலை எல்லாம் நடந்தது. காப்பாற்றிய பன்னிரண்டு பேருக்கு மாநில அரசு ஆளுக்கு 50,000 ரூபாய் காசோலை கொடுத்தது. மூன்று மாதம் போனது. அவர்களில் ஒருவர் டெல்லி கஜூரி காஸில் குடியிருந்த வீட்டை 2024 பிப்ரவரி 28-ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. ஆக்கிரமிப்பு நிலம் என்பது ஆணையத்தின் விளக்கம். இருக்கட்டுமே. 41 பேருக்கு வழி உண்டாக்கியவன் தன் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்திருந்தான் என்பதை எந்த விளக்கத்தை வைத்து மூடுவது?

இப்போது எதிர்த்தரப்பு ஐடி விங் ஒரு பதில் வைத்திருக்கிறது. 'அந்தத் தப்பும் வழி, சாலை திறந்த பிறகு வண்டியில் போகிறவர்களுக்கு. கட்டும்போது இருக்க வேண்டியது இல்லை. இது கூடத் தெரியாமல் பேசுகிறீர்கள்.'

ரொம்ப நன்றி. நாங்கள் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அடல் சுரங்கத்தில் ஓடுபாதைக்கு அடியிலேயே 3.6 மீட்டர் அகலத்தில் தீப்பிடிக்காத அவசர வழி ஒன்று கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை, பாராட்டுகிறோம். காரில் போகிறவருக்குத் தப்ப வழி வேண்டும் என்று யோசித்த அதே மூளை, அந்தக் காருக்கு வழி தோண்டுகிறவனுக்கு என்ன யோசித்தது? முழுசாக ஒரு தனிச் சுரங்கம் கூடக் கேட்கவில்லை. பாறை பலவீனமான இடத்தைத் தாண்டி உள்ளே வேலை செய்யும்போது, ஆள் ஊர்ந்து வரும் அளவுக்குப் பெரிய குழாய்களை அந்த இடத்தில் வரிசையாகப் போட்டு வைப்பது சுரங்கம் தோண்டுகிற எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. 1,383 கோடியில் அதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது? 41 பேரை மீட்க அதே மாதிரிக் குழாயைத்தானே பதினேழு நாள் மல்லுக்கட்டி இடிபாட்டுக்குள் தள்ளினீர்கள்? முன்னாடியே போட்டிருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு 'தீபாவளி நல்லா போச்சா' என்று கேட்டிருப்பார்கள்.

'மலை இடிந்தால் யார் என்ன செய்ய முடியும்' என்ற பேச்சும் வேண்டாம். இமயமலை இளம் மலை, உடைந்த மலை, இன்னும் அசைந்துகொண்டிருக்கும் மலை. அதனால்தான் முதலில் ஆய்வு செய் என்கிறோம். சுமார் 900 கிலோமீட்டர் சார்தாம் சாலைத் திட்டத்தை 53 துண்டாக வெட்டிப் போட்டார்கள். ஏன் தெரியுமா? ஒவ்வொரு துண்டும் நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லை. மலையைத் துண்டு போட முடியாது, காகிதத்தைத் துண்டு போடலாம், அப்படித்தானே?

சில்க்யாராவில் எல்லோரும் பிழைத்ததால் அது செய்தியானது. 2022 மே மாதம் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், ராம்பன் பக்கம் சுரங்கம் தோண்டும் இடத்தில் மலை சரிந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2023 ஜனவரியில் சோனமார்க் பக்கம் சர்பாலில் பனிச்சரிவு, சோஜிலா சுரங்க வேலைக்கு வந்த இருவர் பலி. 2024 அக்டோபர் 20-ல் ககன்கீரில் சோனமார்க் சுரங்கத் தொழிலாளர் முகாமுக்குள் பயங்கரவாதிகள் புகுந்து ஆறு ஊழியர்களையும் ஒரு மருத்துவரையும் சுட்டுக் கொன்றார்கள். மூன்று மாதத்தில், 2025 ஜனவரி 13-ல், அதே சுரங்கத்தை ஜம்மென்று திறந்தார்கள். 2025 பிப்ரவரியில் மானா கிராமத்தில் எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாமைப் பனி மூடியது, எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் இல்லை, சாலையில் பனி அள்ளுகிறவர்கள். அவர்கள் தங்கியிருந்தது இரும்புக் கண்டெய்னர்களில்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம சென்னை மெட்ரோவுக்கு மண்ணுக்கடியில் பாதை போட்டவர்களில் பெரும்பகுதி இதே ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாப் பிள்ளைகள்தான். ஒப்பந்ததாரருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் பிடிக்கும் மேஸ்திரி. செத்தால் யார் பொறுப்பு என்று மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

சோஜிலாவில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தின் முதல் வெடி 2020 அக்டோபரில் வைக்கப்பட்டது. அதற்கும் ஒருநாள் ரிப்பன் வெட்டுவார்கள், அதற்கும் ரீல்ஸ் வரும். அதற்கு முன் எங்கள் கோரிக்கை இதுதான். இமயமலையில் தோண்டப்படும் ஒவ்வொரு சுரங்கத்திலும், வேலை நடக்கும்போதே தொழிலாளி தப்பும் வழி கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் பில் பாஸ் பண்ணாதீர்கள். துண்டு போடாமல் முழுத் திட்டத்துக்கும் ஆய்வு நடத்துங்கள். எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சுரங்கம் வாரியாக வெள்ளை அறிக்கை வையுங்கள். அப்புறம் அந்த வாயிலில், உங்கள் பெயர் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில், இறந்தவர்களின் பெயரையும் ஊரையும் பொறித்து இன்னொரு கல் வையுங்கள்.

அடுத்த முறை அந்த ரீல்ஸை யாராவது உங்களுக்கு அனுப்பினால், இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்கள் தோழர்களே. கீழே ஒரே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: தோண்டியவர்களில் ஒருத்தர் பெயர் சொல்லு பார்ப்போம்.

#தோண்டியவர்_பெயர்_எங்கே
#தொழிலாளிக்கும்_தப்பும்_வழி