ஏற்காடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கு ஏற்காட்டில் இடமில்லை!

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்பி ஈரோட்டுக்குப் போகிற வண்டி அது. வழியில் சேலம் ஜங்ஷனில் அதிகாலை இருட்டில் ஆளை இறக்கிவிட்டு, "மீதியை நீயே பார்த்துக்கோ" என்று போய்விடும். மீதி என்பது கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டிக்கு 1908-லேயே மலை ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்வராயன் மலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சரி, அதற்கு இப்போது யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

குறை சொல்ல வேண்டியது மலைக்கு மேலே இருக்கிற விடுதிக்காரர்களை.

நாலு காலேஜ் பசங்க இந்த வண்டியில் வருகிறார்கள் என்று வையுங்கள். சூரமங்கலத்தில் இறங்கி, டீ குடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏற்காடு பஸ் பிடித்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று ஏறி, ஏரிக்கரையில் இறங்கும்போது மணி ஏழு இருக்கும். முதுகில் பை, கண்ணில் தூக்கம், உடம்பில் குளிர். விடுதி வரவேற்பில் கேட்டால் ஒரே பதில்: "செக் இன் பன்னிரண்டு மணிக்குத்தான் தம்பி." உள்ளே ரூம் காலியா? காலிதான். சாவி கண்ணெதிரே ஆணியில் தொங்குகிறது. ஆனாலும் பன்னிரண்டு மணி. வேண்டுமானால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கட்டலாமாம். (அடப்பாவிகளா!)

இது ஏதோ கொள்கை, உலகம் பூராவும் உள்ள நடைமுறை என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி அதிகாலை 4 மணிக்கு இறக்கிவிடுகிறது என்று வையுங்கள். மறுநாள் இரவு 10 மணிக்குத் திரும்புகிற வண்டி. மொத்தம் 42 மணி நேரம். ரூம் கையில் இருப்பது முதல் நாள் பகல் 12 முதல் மறுநாள் காலை 11 வரை, 23 மணி நேரம். "ஒரு நாள் வாடகை" என்று வாங்குகிற காசுக்கு முழுசாக ஒரு நாள்கூட இல்லை, ஒரு மணி நேரம் கழிவு! மீதி 19 மணி நேரமும் பையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதுதான். காரில் வருகிறவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவருக்கு கார் டிக்கிதான் லாக்கர், பின் சீட்டுதான் படுக்கை. அவர் சௌகரியமாகப் பதினொரு மணிக்கு வந்து இறங்குவார். ஏற்காட்டின் கடிகாரம் அவருக்காக ஓடுகிறது.

சீசன் நாளில் முந்தின ராத்திரி தங்கினவர் காலி செய்து, பெருக்கித் துடைத்து, போர்வை மாற்ற நேரம் வேண்டும் என்பது நியாயம். மே மாதக் கோடை விழா சமயம், சனி ஞாயிறு, தொடர் விடுமுறை, எல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை? முந்தின ராத்திரி யாருமே தங்காத ரூமுக்கு எதற்கு ஐயா பன்னிரண்டு மணி? வாரம் பூரா ஆள் வரவில்லை என்று புலம்புகிறவரும் இவர்தான், வந்த ஆளை வாசலில் உட்காரவைக்கிறவரும் இவர்தான்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் "24 மணி நேர செக் அவுட்" போர்டு பார்க்காதவர் உண்டா? எந்த நேரம் நுழைந்தாலும் மறுநாள் அதே நேரம் வரை ரூம் உங்களுடையது. ரயில்வேயே தன் ஓய்வறைகளை 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று பிரித்து விற்கிறது. அரசாங்கத்தால் முடிகிறது, டவுன் லாட்ஜால் முடிகிறது. மலையேறினால் மட்டும் முடியாமல் போகிறது.

வெளிநாட்டைப் பார் என்பார்கள் சிலர். பார்ப்போமே. பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் பக்கம் கென்ட், புரூஜ், ஆன்ட்வெர்ப் என்று ரயிலிலேயே ஊர் சுற்றுகிறார்கள். கென்ட்டிலிருந்து புரூஜுக்கு அரை மணி நேரம்தான். அங்கேயும் விடுதியில் செக் இன் பிற்பகல்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஸ்டேஷன்களில் பை வைக்கப் பெட்டிகள் இருக்கின்றன. காசு போட்டுப் பூட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஊருக்குள் போகலாம், தெருக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றுகொண்டே நடக்கலாம். அந்த நேரக் கட்டுப்பாட்டை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, பெட்டியைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் நம்மவர்கள். :-)

அடுத்தது "பேச்சலர்ஸுக்கு ரூம் இல்லை." கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டா மலையேற முடியும்? பசங்க என்றால் குடிப்பார்கள், சத்தம் போடுவார்கள், கண்ணாடியை உடைப்பார்கள் என்று முன்தீர்ப்பு. உடைத்தவனிடம் காசு வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? வேடிக்கை என்னவென்றால், குடும்பத்தோடு வந்து விடிய விடிய ஆட்டம் போடுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. தனியாக வருகிற ஒருவருக்கும் இரண்டு பேர் வாடகைதான். அந்த இரண்டாவது ஆள் குளிக்காத வெந்நீருக்கும் சேர்த்து!

வரி விஷயம் வேறு. ஆயிரம் ரூபாய்க்குள்ளான ரூமுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்றிருந்தது 2022 ஜூலையில் போய், 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 5 சதவீதம். 1,500 ரூபாய் ரூமில் 180 ரூபாய் வரி 75 ஆகியிருக்க வேண்டும். உள்ளீட்டு வரி கழிவு இல்லாமல் போனதால் எங்களுக்கும் செலவு கூடியது என்று முதலாளிகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குறைந்த 105 ரூபாய் பூராவுமா அதில் கரைந்துபோகும்? பில்லை வாங்கிப் பாருங்கள் மக்களே. பில்லே தரவில்லை என்றால் கதையே வேறு. சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் கட்டாயமில்லை என்று எடுக்கச் சொல்லலாம். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில் காப்பி வந்த மலை இது. 200 வருஷமாகக் காப்பி விளைகிறது, பக்கத்திலேயே மிளகுக் கொடி. விடுதி டைனிங் ஹாலில் உட்கார்ந்தால் வருவதோ இன்ஸ்டன்ட் தூளும் வெந்நீரும், கூடவே கோபி மஞ்சூரியனும். கார் இருந்தால் வேறு கடை தேடிப் போகலாம். கார் இல்லாதவர் இருட்டின பிறகு எஸ்டேட் ரோட்டு விடுதியிலிருந்து எங்கே நடப்பார்? அது தெரிந்துதான் அந்த விலை. ஏரிக்கரையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே கைக்கு வருகிற மிளகாய் பஜ்ஜிக்கு இருக்கிற மரியாதை, துணி விரித்த மேஜைக்கு இல்லை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்தது வண்டிகள் மலையை நெரித்ததால்தான். அப்படியிருக்க, ரயிலும் பஸ்ஸும் பிடித்து, புகையும் விடாமல், பார்க்கிங்கும் கேட்காமல் வருகிறவரைக் கொண்டாட வேண்டாம், உட்காரவாவது வைக்கலாமே. கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. காலியான ரூமை வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குக் கொடுங்கள். முடியாதா, ஏரிக்கரை பஸ் நிறுத்தம் பக்கத்தில் பூட்டு போட்ட ஒரு பை வைக்கிற அறை, ஒரு குளியலறை. அதற்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை அந்த நாலு பேரும் பதினொரு மணிக்கே ரூமைக் காலி செய்து, மத்தியானமே கீழே இறங்கி, சேலத்தில் பீட்ரூட் துருவல் போட்ட தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டு ராத்திரி வண்டிக்காகக் காத்திருப்பார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் ஏற்காட்டில் செலவழித்திருக்க வேண்டிய காசு, சேலத்துத் தள்ளுவண்டிக்குப் போகிறது.